அணுவும் ஏதுப்போலியும்

மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில் ஆசீவகவாதி உரைக்கும் அணுக்கொள்கையை எடுத்துக்காட்டி, டால்டன் 1808-இல் எழுதியதை நம் முன்னோர் என்றோ கண்டுவிட்டனர் என்று பெருமிதம் கொள்வாரும், டிமாக்ரிட்டஸின் பெயரைச் சொல்லிக் கிரேக்க தத்துவமே விஞ்ஞானத்தின் தாய் என்று போற்றுவாரும் ஒரே பிழையைத்தான் செய்கின்றனர் என்பது என் துணிபு. இருவரும் முடிவைப் பாராட்டுகிறார்களேயன்றி, அது விளைந்த முறையை ஆராய்வதில்லை.

முடிவு வியக்கத்தக்கதே. நிலம், நீர், தீ, காற்று, உயிர் என அணுக்கள் ஐவகை. அவை புதிதாய்ப் பிறப்பதுமில்லை, பிளவுபடுவதுமில்லை, ஒன்று மற்றொன்றாவதுமில்லை. செறிந்தால் வயிரமாகும், துளைபட்டுக் கூடினால் மூங்கிலாகும். மாலை மயக்கத்தில் ஒற்றை மயிர் புலப்படாமல் கற்றையே புலப்படுவதுபோலத் தனியணு நம் கண்ணுக்குத் தோன்றாமல் திரட்சியே தோன்றும். கிரேக்கத்திலோ, இல்லாததிலிருந்து உள்ளது தோன்றாது என்ற பார்மெனிடீஸின் வாதத்தையும் கைவிடாமல், கண்ணெதிரே நிகழும் மாற்றத்தையும் பொய்யென்று தள்ளாமல், இரண்டையும் காக்கும் பொருட்டே லூசிப்பஸும் டிமாக்ரிட்டஸும் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் அணுவையும் வெற்றிடத்தையும் கற்பித்தனர். உலகின் கோடி வேறுபாடுகளையும் ஒருசில காரணங்களில் அடக்கிக் காட்ட முடியும், அதற்குத் தெய்வத்தின் கோபதாபங்கள் வேண்டியதில்லை என்ற அந்தத் தைரியம் இல்லாதிருந்தால் விஞ்ஞானம் என்பதே தொடங்கியிராது.

ஆனால் அதே தர்க்கத் திறமையைக் கொண்டே அரிஸ்டாட்டில் அணுவையும் வெற்றிடத்தையும் மறுத்தார். இரு கட்சிகளுக்கும் இடையே தீர்ப்புச் சொல்ல யுக்தி ஒன்றே சாட்சியாக இருந்தமையால் வழக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. 1905-இல் ஐன்ஸ்டைன் வகுத்த கணக்கை ழான் பெரன் சில ஆண்டுகளில் சோதனையால் அளந்து உறுதிசெய்த பிறகே ஓய்ந்தது. கனமான பொருள் கனத்துக்கேற்ப விரைந்து விழும் என்ற அரிஸ்டாட்டிலின் கூற்றோ இரண்டு கற்களைக் கீழே விட்டுப் பார்த்தாலே ஆட்டங்காணக் கூடியது. அதனை ஆறாம் நூற்றாண்டில் பிலோபோனஸ் எடுத்துச் சொல்லியும் உலகம் செவிசாய்க்கவில்லை. அடைகாக்கும் கோழி முட்டைகளை நாள்தோறும் ஒவ்வொன்றாக உடைத்துக் கருவின் வளர்ச்சியைக் குறித்து வைத்தவரும் அந்த அரிஸ்டாட்டிலே என்பதை நினைக்கும்போது, பார்க்கத் தெரியாமை அன்று, பார்த்ததைக் கொண்டு தம் மூல தத்துவங்களை விசாரணைக்கு உட்படுத்தாமையே குறை என்பது விளங்கும்.

ஆகவே, பலரும் கொண்டாடும் அணுவைக் காட்டிலும், காஞ்சியில் பௌத்த ஆசானாகிய அறவண அடிகள் மணிமேகலைக்கு உபதேசிப்பதாக அமைந்த இருபத்தொன்பதாம் காதையின் தர்க்கத்தையே நான் உயர்வாக மதிக்கிறேன். கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் பதின்மூன்று வாதப் பிழைகளை வகுத்தார். இங்கே நிறுவ வந்த கூற்றின் பிழையாகிய பக்கப்போலி ஒன்பது, காட்டும் காரணத்தின் பிழையாகிய ஏதுப்போலி பதினான்கு, எடுத்துக்காட்டுப்போலி பத்து. காஞ்சிக்கு அருகிலுள்ள தென்னேரியின் கரைமேல் மார்கழி விடியலில் நிற்பவர்க்கு, நீர்ப்பரப்பினின்று எழும் பனி, எதிர்க்கரையில் யாரோ வைக்கோலைக் கொளுத்தியதுபோலத் தோன்றும். அதைக் கண்டு நெருப்பு உண்டென்று துணிவாரானால், ஆவியோ பனியோ புகையோ என்ற ஐயம் தீராத ஒன்றை ஏதுவாகக் கொண்ட அக்குற்றம் அறவணரின் பட்டியலிலேயே இருக்கிறது. தன் அறிவு எங்கெங்கே சறுக்கும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்து வரிசைப்படுத்திய இந்த அடக்கம், எந்த அணுவாதத்தையும்விட விஞ்ஞான புத்திக்கு நெருக்கமானது.

இதிலும் ஒரு குறை உண்டு. ஐயத்தின் பெயரைச் சொல்லும் அச்சாஸ்திரம், எதிர்க்கரைக்கு நடந்துபோய்ப் பார்த்து வா என்று விதிக்கவில்லை. நடக்கவும் அளக்கவும் அறிந்தோர் இவ்வட்டாரத்தில் இல்லாமலும் இல்லை. 921-ஆம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியத்துக்கு அறுவரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ஆயினும் மதகையும் கரையையும் கலங்கலையும் அறிந்த அத்தகையோரின் அறிவு நியாய நூலாருக்குப் பிரமாணமாகப் படவில்லை. கைத்தொழிலாளரைத் தம் உத்தமப் பட்டணத்தின் குடிகளாக ஏற்க மறுத்த அரிஸ்டாட்டிலின் குற்றமும் இதுவே. நம் பள்ளிகளில் இருபத்தொன்பதாம் காதையைத் தமிழாசிரியரும் பௌதிக ஆசிரியரும் சேர்ந்து, ஏரிக்கரையில் வைத்தே நடத்த வேண்டும் என்று நான் கேட்பது இதன் பொருட்டே.