அஞ்சு நிமிஷம்தாம்மா!

'பல்துறைப் பன்னாட்டுக் கருத்தரங்கம்' என்று ஏதாவது கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தால் ஒரு நிமிடம் நின்று படித்துப் பாருங்கள். கலை, அறிவியல், வணிகம், பொறியியல், மேலாண்மை... கல்யாண மெனு கார்டு மாதிரி, விட்டுப்போனது என்று எதுவும் இருக்காது.

நண்பர் ஒருவரின் மகள் வரலாற்றில் பிஎச்.டி. செய்கிறாள். சோழர் காலத்தில் ஏரிகளைப் பராமரித்தது யார், எப்படி என்பது தலைப்பு. உத்திரமேரூர்க் கல்வெட்டில் 'ஏரி வாரியம்' என்று வருமே, பள்ளிக்கூடத்தில் குடவோலையோடு சேர்த்து மனப்பாடம் செய்திருப்பீர்களே, அந்தச் சமாசாரம். மூன்று வருஷமாக வெயிலில் அலைந்து சேர்த்த விஷயத்தை முதன்முதலாக நாலு பேர் முன்னால் சொல்லப் போகிறோம் என்று ஆசையாகத்தான் போனாள்.

பதிவுக் கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு. ஒரு பை, ஒரு பேனா, மத்தியானச் சாப்பாடு. காலையில் குத்துவிளக்கு, பொன்னாடை, வாழ்த்துரை, வாழ்த்தியவர்களுக்கு நன்றியுரை. பதினொன்றரை மணிக்கு மேல்தான் ஆய்வுக்கே வந்தார்கள். துறைவாரியாக நாலு அறை, நாலிலும் ஒரே நேரத்தில் வாசிப்பு. அவள் அறையில் மட்டும் பதினெட்டுப் பேர். "அஞ்சு நிமிஷம்தாம்மா. முடிவுரையை மட்டும் படிச்சிடுங்க" என்றாராம் அமர்வுத் தலைவர். படித்தாள். கை தட்டினார்கள். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

கேள்வி? ஒன்றுகூட இல்லை. படித்து முடித்தவர்கள் சான்றிதழ் கவுன்ட்டருக்குக் கிளம்பிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் தங்கள் முறைக்காகத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சாப்பாடு நல்லா இருந்துச்சு அங்கிள்" என்றாள் என்னிடம்.

இதுகூடப் போகட்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆய்வுக்கோவையைப் பிரித்திருக்கிறாள். தலையணை கனம், ஐ.எஸ்.பி.என். எண்ணெல்லாம் உண்டு. அதில் ஒரு சிவில் என்ஜினீயரிங் பேராசிரியரின் கட்டுரை: ஏரிகளில் வண்டல் எவ்வளவு வேகமாகச் சேர்கிறது என்று. ஏரியைத் தூர் எடுக்க அந்தக் காலத்தில் எழுதிவைத்த நிவந்தம் வேலைக்குப் போதுமானதா, இல்லை ஒப்புக்குக் கொடுத்ததா என்பதுதான் இவளுக்கு மூன்று வருஷமாகப் பிடிபடாத விஷயம். அதைக் கணக்குப் போட்டுச் சொல்லக்கூடிய மனிதர் பக்கத்து அறையில் தன்னுடைய அஞ்சு நிமிஷத்தைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்!

கட்டணம் வாங்குவதில் எனக்குப் புகார் இல்லை. சாம்பார் சும்மா வராது. பல்துறை என்று பெயரை வைத்துவிட்டு, துறைக்கு ஓர் அறை ஒதுக்கிக் கதவைச் சாத்துகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

நான் பி.காம்.காரன். எதையும் வரவு செலவாகப் பார்க்கிற புத்தி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிகள்படி, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்ததற்கு மாணவர்கள் அத்தாட்சி காட்ட வேண்டும். ஆசிரியர்களுக்கு 2018 விதிகளில் மதிப்பெண் பட்டியலே இருந்தது. நம் நாட்டுக்குள் நடக்கும் சர்வதேசக் கருத்தரங்கு என்றால் 5, தேசிய அளவு 3, மாநில அளவு 2. எல்லாக் கருத்தரங்கமும் ஏன் 'பன்னாட்டு' ஆனது என்று இப்போது புரிகிறதா? மாணவர்களுக்கான கட்டாயத்தை 2022-ல் எடுத்துவிட்டார்கள். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா என்ன? சான்றிதழை வரவில் எழுதலாம். கேள்வியை எதில் எழுதுவது?

இது நம்மூர் வியாதி மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். அர்த்தமே இல்லாத ஆய்வுக் கட்டுரைகளைத் தானாக எழுதித் தள்ளும் 'சைஜென்' என்ற புரோகிராமை எம்.ஐ.டி. மாணவர்கள் மூன்று பேர் உருவாக்கினார்கள். அமெரிக்காவில் ஆர்லாண்டோ நகரில் 2005-ல் நடந்த ஒரு பல்துறை மாநாடு அதில் ஒரு கட்டுரையை ஏற்றுக்கொண்டது. குட்டு வெளிப்பட்டதும் அழைப்பை ரத்து செய்தார்கள். பையன்கள் விடவில்லை. நன்கொடை வசூலித்து, அதே ஓட்டலில் வாடகைக்கு ஓர் அறை பிடித்து, ஒட்டு மீசையோடு கம்ப்யூட்டர் உளறல்களை உரையாற்றிவிட்டுத்தான் ஊர் திரும்பினார்கள்.

உருப்படியாக நடந்ததும் உண்டு. 1946-லிருந்து 1953 வரை அமெரிக்காவில் மேசி ஃபவுண்டேஷன் இதே மாதிரிப் பத்துக் கூட்டங்கள் நடத்தியது. கணித மேதை நார்பர்ட் வீனர், மூளை ஆராய்ச்சியாளர் வாரன் மெக்கல்லக், மானுடவியல் அறிஞர் மார்கரெட் மீட் எல்லாரும் ஒரே அறையில். ஒருத்தர் பேசப் பேச மற்றவர்கள் குறுக்கே புகுந்து கேட்பார்கள். பின்னால் அந்தக் கூட்டங்களைப் புத்தகமாகப் போட்டபோது, யார் எங்கே குறுக்கிட்டார் என்பதையும் பெயரோடு அச்சிட்டார்கள். இவற்றுக்கெல்லாம் முன்னோடியாக நடந்த ஒரு சின்னக் கூட்டத்தில், பேச்சு சுவாரசியத்தில் தன் பல் உடைந்ததே கூட்டம் முடியும் வரை தெரியவில்லை என்று மீட் எழுதியிருக்கிறார்.

பல்லெல்லாம் உடைய வேண்டாம். கருத்தரங்கு நடத்தும் பேராசிரியர்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். பொன்னாடைகளில் பாதியைக் குறைத்தால் காலையில் ஒரு மணி நேரமாவது மிச்சம். சான்றிதழில் 'கட்டுரை வாசித்தார்' என்ற வரிக்குக் கீழே 'இவரிடம் கேட்கப்பட்ட கேள்வி' என்று போட்டு ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கேட்டவர் தன் துறையையும் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். வேறு துறைக்காரர் என்றால் அந்த 5 மதிப்பெண்ணை அவருக்கே கொடுத்துவிடலாம்.