கை ஆட்டினா டாட்டாவா?

முப்பது செகண்ட் வீடியோ. கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு பல்லி. நம்ம சுவர்ப் பல்லி இல்லை. ஒன்றரை அடி நீளம், தாடையெல்லாம் முள், பெயர் பியர்டட் டிராகன். முன்னங்கால் ஒன்றைத் தூக்கி நிதானமாக வட்டம் போடுகிறது. கீழே எழுத்து ஓடுகிறது: 'ஹாய் சொல்லுது செல்லம்!' நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாலு பேருக்கு அனுப்பியும் இருப்பீர்கள்.

இந்த ரக வீடியோக்களை சினிமா மாதிரி விமர்சனம் பண்ணினால் என்ன? ஒளிப்பதிவு ஓகே. ஹீரோ நடிப்பு பிரமாதம். ஆனால் டப்பிங் மொத்தமும் தப்பு!

ஒரிஜினல் வசனம் வேறு. ஹீரோவின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. அங்கே சின்னது ஒன்று பெரியதைப் பார்த்ததும் காலைத் தூக்கிச் சுற்றும். 'அண்ணே, உங்களைப் பார்த்துட்டேன். நான் சின்ன ஆளு, வம்புக்கு வரலை' என்று அர்த்தம். பெரிய ஆண் தலையை மேலும் கீழும் வேகமாக ஆட்டினால், 'இது என் ஏரியா.' அதே தலையாட்டலை மெதுவாகச் செய்தால் பணிவு. தாடையை உப்பிக் கரிக்கறுப்பாக்கிக் கொண்டால் கடைசி வார்னிங்! குரல் கிட்டத்தட்ட கிடையாது. அதிகம் போனால் ஒரு சீறல். மற்ற எல்லா வார்த்தையும் உடம்புதான்.

இது என் கற்பனை இல்லை. பேயார்ட் பிராட்ஸ்ட்ரம் என்ற ஆய்வாளர் இதன் கிழக்கத்திய பங்காளி இனத்தைக் கவனித்து, யார் பெரியவர், யார் அடங்குகிறவர், யார் காலைச் சுற்றுகிறார் என்றெல்லாம் 1971-லேயே எழுதி வைத்துவிட்டார்.

நான் படித்தது பி.காம். எனக்கு இதில் தெரிவது செலவுக் கணக்குதான். ஒரு சண்டை என்றால் கடிபட்ட விரல், அறுந்தால் திரும்ப முளைக்காத வால், வீணாய்ப் போன வெயில் நேரம். காலைச் சுற்ற ஆகும் செலவு ஏறக்குறைய சைபர். லாபமான ஏற்பாடு! ஆனால் ஒரு கண்டிஷன் உண்டு. சரணடைந்தவன் விலகிப் போக இடம் இருக்கணும்.

கண்ணாடித் தொட்டியில் எங்கே போவது? சின்னது சுற்றுகிறது. பெரியது அங்கேயே இருக்கிறது. மறுபடி சுற்றுகிறது. வெளியே நாம் கைதட்டுகிறோம்.

இன்னொரு ஹிட் வீடியோ, 'உயிர் நண்பர்கள்'. ஒன்றின் முதுகில் இன்னொன்று ஏறிப் படுத்திருக்கும். கட்டிப்பிடித்துத் தூங்குகிறதாம்! ஃபிரேமின் மூலையைப் பாருங்கள், சூடு தரும் பல்ப் இருக்கும். மேலே இருப்பது முதலிடம் பிடித்துவிட்டது. இந்த ஜாதிக்கு உடம்பு சூடானால்தான் சாப்பிட்டது செரிக்கும். கீழே இருப்பது நாளுக்கு நாள் இளைக்கும், ஒருநாள் விரலையும் இழக்கும். தொட்டிக்கு ஒன்றுதான் என்று விவரம் தெரிந்தவர்கள் அடித்துச் சொல்வது இதனால்தான்.

'ஒரு பல்லிக்கு இவ்வளவு பில்டப்பா சார்?' என்பீர்கள். 2014-ல் இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பியர்டட் டிராகனுக்குத் தலையால் கதவைத் தள்ளித் திறக்கப் பழக்கினார்கள். அதைப் பார்த்த மற்றவையும் அதேபோல் தள்ளின. கதவு தானாகத் திறப்பதை மட்டும் பார்த்த கோஷ்டி அப்படிச் செய்யவே இல்லை. 2016-ல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். முதுகின் நிறம் மாறுவது வெப்பத்துக்காக, தாடியின் நிறம் மாறுவது அடுத்தவனுக்குச் சேதி சொல்ல. ஒரே உடம்பில் இரண்டு டிபார்ட்மென்ட்!

வீடியோக்காரர்களுக்கு ஒரு பாராட்டும் உண்டு. அருவருப்போடு பார்த்த ஜீவனைச் செல்லம் என்று சொல்ல வைத்திருக்கிறார்கள். சின்ன விஷயமில்லை. நம்ம வேலி ஓணானும் இதே குடும்பம்தான். அதுவும் தலையாட்டி ஏரியாவைச் சொல்கிற ஆள்தான். நாம் என்ன செய்தோம்? ஈர்க்கில் சுருக்குப் போட்டோம், கல்லால் அடித்தோம். சீசனில் ஆணின் கழுத்து சிவப்பதைப் பார்த்து 'பிளட் சக்கர்' என்றே இங்கிலீஷில் பெயர் வைத்தார்கள். 'வேலியில போற ஓணானை எடுத்து வேட்டியில விட்ட கதை' என்ற பழமொழிகூட வேட்டிக்காரனுக்காகத்தான் கவலைப்படுகிறது. ஓணான் கதி என்ன ஆச்சுன்னு யாரும் கேட்டதில்லை.

அன்று வெறுப்பில் டப்பிங். இன்று அன்பில் டப்பிங். வெறுப்பாவது கல்லோடு வந்ததால் ஓணான் ஓடிவிட்டது. அன்பு கண்ணாடித் தொட்டியோடு வருகிறது.

அடுத்த முறை இந்த வீடியோ வந்தால் காலைப் பார்க்காதீர்கள், எதைப் பார்த்து அது சுற்றுகிறது என்று பாருங்கள். எதிரே இன்னொரு பல்லியா, கண்ணாடியில் தெரியும் தன் நிழலா, மேலிருந்து இறங்கும் உங்கள் கையா? வசனம் தானாகப் புரியும்.

இரண்டு வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்னொரு தொட்டி வாங்குங்க. மறக்காம இன்னொரு பல்ப்பும்!