விளிம்பில் நிறுத்தப்பட்டவர்கள்: தாந்தேயின் லிம்போ குறித்து

தாந்தேயை மதக் கவிஞர் என்று ஒதுக்கிவிடுவது நம் முற்போக்கு நண்பர்கள் பலருக்குப் பழக்கமாகிவிட்டது. யாரை எந்தக் குழியில் போட்டார் என்ற பட்டியலோடு பேச்சு முடிந்துவிடும். மறுபக்கம் தூய இலக்கியவாதிகள். அவர்களுக்கு இறையியல் வேண்டாம், படிமங்கள் போதும். இரண்டு தரப்புமே பிரதியின் வலிக்கிற இடத்தைத் தொடாமல் தப்பித்துக்கொள்கின்றன. 'டிவைன் காமெடி'யின் 100 காண்டங்களுக்கும் அடியில் ஓடுவது ஒரு கேள்வி: யார் உள்ளே, யார் வெளியே, அதைத் தீர்மானிப்பது யார்? இதை அதிகாரம் பற்றிய கேள்வியாகவே நான் வாசிக்கிறேன்.

தமிழ்க் கிறித்தவத்தில் இரட்சிப்புக்கு எதிரே நிற்கும் சொல் ஆக்கினை. இந்தச் சொல்லுக்கு ஆணை என்றும் பொருள், தண்டனை என்றும் பொருள். நரகம் ஓர் இடமாக ஆவதற்கு முன்பு ஓர் உத்தரவாக இருந்தது என்பதை நம் மொழி தெரிந்தோ தெரியாமலோ சொல்லிவிடுகிறது.

அந்த உத்தரவின் எல்லை எது? ஆதாமின் பாவம் பிறப்பு வழியாகவே எல்லோருக்கும் வருகிறது என்றார் அகஸ்டின் (354-430). பெலாஜியஸ் இதை மறுத்தார். மனிதன் தன் செயலுக்குத்தான் பொறுப்பு என்றார். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் பெலாஜியஸ் தரப்பைக் கண்டித்தார்கள். அப்படின்னா ஞானஸ்நானம் பெறாமல் செத்துப்போன பச்சைக் குழந்தைக்கு என்ன கதி? அதற்கும் ஆக்கினைதான், ஆனால் மிக லேசான ஆக்கினை என்றார் அகஸ்டின். பிறந்ததே குற்றம் என்று ஆக்கிவிட்டு தண்டனையின் அளவைக் குறைப்பதைக் கருணை என்று எப்படிச் சொல்வது?

இந்தச் சங்கடத்தைச் சமாளிக்க இடைக்கால இறையியலாளர்கள் ஓர் இடத்தை உண்டாக்கினார்கள். அதுதான் லிம்போ. 'லிம்பஸ்' என்ற லத்தீன் சொல்லுக்குத் துணியின் கரை, விளிம்பு என்று பொருள். விளிம்புநிலை பற்றி இவ்வளவு பேசுகிற நாம் இந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விளிம்பு துணிக்கு வெளியே இல்லை. நரகத்தின் முதல் வட்டமே லிம்போ.

'இன்ஃபெர்னோ'வின் 4ஆம் காண்டத்தில் தாந்தே அங்கே நுழைகிறார். நெருப்பு இல்லை, சாட்டை இல்லை. பெருமூச்சு மட்டும் கேட்கிறது. அங்கே இருப்பவர்கள் பாவம் செய்யவில்லை. கடவுளைக் காணும் ஆசை உண்டு, அது நிறைவேறும் என்ற நம்பிக்கை கிடையாது. அவ்வளவுதான் தண்டனை. ஏழு மதில் சூழ்ந்த கோட்டைக்குள் ஹோமர், ஹொரேஸ், ஓவிட், சாக்ரடீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் எல்லோரும் இருக்கிறார்கள். அவர்களோடு சலாதீன், அவிசென்னா, அவெரோஸ் என்று மூன்று முஸ்லிம்கள். கிறிஸ்துவுக்கு முன்பே பிறந்துவிட்டார்கள் என்ற சமாதானம் இவர்களுக்குச் செல்லாது. அதிலும் சலாதீன் 1187இல் ஜெருசலேமைச் சிலுவைப் போர்வீரர்களிடமிருந்து கைப்பற்றியவர். இதை வைத்து தாந்தேயைச் சகிப்புத்தன்மையின் தூதராக்கிவிட முடியாது. இஸ்லாத்தின் நபியை எட்டாம் வட்டத்தில், பிளவு உண்டாக்கியவர்கள் நடுவில் வைத்த வெறுப்பும் இதே பிரதியில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

லிம்போவின் மிக முக்கியமான குடிமகன் வெர்ஜில். கிறிஸ்து பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, கி.மு. 19இல் இறந்தவர். நரகம் முழுக்க தாந்தேயைக் கைப்பிடித்து நடத்திச் செல்பவர் அவர். உத்தரிப்பு ஸ்தலத்தின் மலையில் ஏற்றிவிடுபவரும் அவரே. வழியில் ஸ்டேஷியஸ் என்ற ரோமானியக் கவிஞன், வெர்ஜிலின் ஒரு கவிதையைப் படித்துத்தான் தான் கிறித்தவன் ஆனதாகச் சொல்கிறான். படித்தவன் மேலே போகிறான். எழுதியவன் திரும்பிப் போக வேண்டும். என்ன நியாயம் இது?

இந்தக் கேள்வி 'பாரடைசோ'வின் 19ஆம் காண்டத்தில் வெளிப்படையாக வருகிறது. நீதிமான்களான அரசர்களின் ஆன்மாக்கள் சேர்ந்து ஒரு கழுகாக உருவெடுத்துப் பேசுகின்றன. தாந்தேயின் மனதில் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்ததைக் கழுகே எடுத்துச் சொல்கிறது. சிந்து நதிக்கரையில் ஒருவன் பிறக்கிறான். கிறிஸ்துவைப் பற்றிச் சொல்லவோ எழுதவோ அங்கே ஆள் இல்லை. அவன் சொல்லிலும் செயலிலும் குற்றமற்றவன். விசுவாசம் இல்லாமல் சாகிறான். அவனைத் தண்டிப்பது எந்த நீதி? தாந்தேவுக்குச் சிந்து நதி என்பது தொலைதூரக் கிழக்கின் பெயர். ஆனால் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிற நமக்கு அது பெயர் மட்டுமல்ல. கேட்கப்படுவது நம்மைப் பற்றி.

கழுகின் பதில் ஏமாற்றமளிக்கிறது. நீதிபதியின் ஆசனத்தில் ஏறி உட்கார நீ யார் என்று கேட்கிறது. கேள்வி கேட்டவனை அடக்குகிற பதில் இது. எல்லா அதிகாரத்துக்கும் தெரிந்த பதில். ஆனால் பிரதி அங்கே நிற்கவில்லை. கிறிஸ்துவின் பெயரைக் கூவுகிறவர்கள் பலர், அவரை அறியாதவனைவிடத் தூரத்தில் நிற்பார்கள் என்று அதே கழுகு சொல்கிறது. பிறகு ஐரோப்பாவின் கிறித்தவ அரசர்களை வரிசையாக நிறுத்தி அவர்களுடைய கொடுமைகளைப் பட்டியலிடுகிறது. அடுத்த காண்டத்தில் கழுகின் புருவத்தில் இரண்டு புறமதத்தார் ஒளிர்கிறார்கள். ஒருவர் பேரரசன் டிராஜன். போப் கிரகோரியின் ஜெபத்தால் உயிர்த்தெழுந்து விசுவாசியானான் என்ற பழங்கதை அவனுக்குத் துணை. மற்றவன் ரிஃபியஸ். இவன் யார்? வெர்ஜிலின் 'ஈனிய'த்தின் இரண்டாம் நூலில் வந்துபோகும் ஒரு டிராய் வீரன். ட்ரோஜான்களில் மிக நீதியானவன் என்று ஒரு குறிப்பு, ஒரு சாவு, அதோடு சரி.

வெர்ஜில் எழுதிய ஒரு சில்லறைப் பாத்திரத்துக்குச் சொர்க்கம். வெர்ஜிலுக்கு நரகம்.

கருணைக்குக் காரணம் கேட்கக் கூடாது, காரணம் இருந்தால் அது கூலியாகிவிடும் என்று இறையியலாளர்கள் சொல்வார்கள். வலுவான வாதம்தான். ஆனால் காரணமில்லாத கருணையும் காரணமில்லாத தண்டனையும் ஒரே நாற்காலியிலிருந்து வரும்போது, கீழே நிற்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான். ரிஃபியஸை ஏற்றியதன் மூலம் தாந்தே விதியை உடைக்கிறார். வெர்ஜிலை ஏற்றாததன் மூலம் அந்த உடைப்பு நம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்படி வைக்கிறார். இது பிரதியின் பலவீனம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆற்றாமல் திறந்துவைத்த புண் அது.

அந்தப் புண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. 1302 ஜனவரியில் ஃபுளோரன்ஸ் நகரம் தாந்தே ஊரில் இல்லாதபோதே அவரை விசாரித்து வெளியேற்றியது. மார்ச்சில், பிடிபட்டால் எரிக்கலாம் என்று தீர்ப்பை மாற்றியது. அதே ஆண்டு நவம்பரில் போப் எட்டாம் போனிஃபேஸ் 'ஊனாம் சாங்க்டாம்' என்ற ஆணையை வெளியிட்டார். ரோமாபுரி போப்புக்குக் கீழ்ப்படிவது இரட்சிப்புக்கு அவசியம் என்றது அது. ஒரே ஆண்டில் ஊரின் கதவும் வானத்தின் கதவும் ஒரே மாதிரி சாத்தப்படுகின்றன. தாந்தே அந்த போப்புக்கு நரகத்தில் தலைகீழாக ஓர் இடத்தை முன்பதிவு செய்துவைத்தார். சாவியை போப்பிடமிருந்து பிடுங்கினார் என்று சொல்லலாம். ஆனால் தூக்கி எறியவில்லை. தன் கையில் வைத்துக்கொண்டு தானே பட்டியல் போட்டார். தாந்தேயின் கலகம் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

1678இல் பனியன் எழுதிய 'மோட்சப் பிரயாண'த்தின் முதல் பாகக் கடைசியில், அறியாமை என்ற பாத்திரம் மோட்ச வாசல்வரை வந்துவிடுகிறது. கையில் சான்றுச் சீட்டு இல்லை. கைகாலைக் கட்டி நரகத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். 1880இல் முடிந்த 'கரமசோவ் சகோதரர்க'ளில் இவான் நேர்மாறு. குழந்தைகளின் கண்ணீர்மேல் கட்டப்படும் இசைவு வேண்டாம் என்று நுழைவுச் சீட்டையே திருப்பிக் கொடுக்கிறான். திருச்சபையும் மாறியது. தாந்தே இறந்து 643 ஆண்டுகள் கழித்து, 1964இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் தம் தவறின்றி நற்செய்தியை அறியாதவர்களுக்கும் மீட்பு உண்டு என்று எழுதியது. 2007இல் வத்திக்கானின் இறையியல் குழு ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளுக்காகவும் நம்பிக்கை கொள்ளலாம் என்றது. சிந்து நதிக்கரைக்காரனுக்குப் பதில் வர இவ்வளவு காலம்.

இதையெல்லாம் மதத்தின் பிரச்சினை என்று நாம் நகர்ந்துவிட முடியுமா? நம் விமர்சனத்துக்கும் ஒரு லிம்போ இருக்கிறது. 'முற்போக்குக் கூறுகள் உண்டு, ஆனால் காலத்தின் வரம்பை மீறவில்லை' என்ற வாக்கியத்தை எத்தனை கட்டுரைகளில் படித்திருக்கிறோம்? நல்லவர்தான், நமக்கு வழி காட்டியவர்தான், ஆனால் நம் தத்துவம் பிறப்பதற்கு முன்பே செத்துப்போனவர். ஏழு மதில் கோட்டை ஒன்றைக் கட்டி, நூற்றாண்டு விழா நடத்தி, அவரை அங்கேயே விட்டுவிட்டு மேலே போகிறோம். இயக்கங்களிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்குச் சீட்டைக் காட்டு என்பது என்ன வலி என்று தெரியும். பட்டியல் போடாமல் அரசியல் செய்ய முடியாது என்பதும் உண்மை. ஆனால் நாம் போட்ட பட்டியல் யாரை விளிம்பில் நிறுத்துகிறது என்று திரும்பிப் பார்க்கிற வேலையை, அந்தப் பட்டியலின் பயனை அனுபவிப்பவர்கள்தான் செய்ய வேண்டும்.

தாந்தே திரும்பிப் பார்க்கிறார். 'புர்கட்டோரியோ'வின் 30ஆம் காண்டத்தில், பயந்த குழந்தை தாயைத் தேடுவதுபோல் பக்கத்தில் இருந்த வெர்ஜிலைத் தேடுகிறார். வெர்ஜில் இல்லை. விடைபெறவும் இல்லை. அந்த மனிதர் மலையிலிருந்து எப்படி இறங்கி, எந்த வழியாகத் தன் விளிம்புக்குத் திரும்பிப் போனார் என்று அந்தக் கவிதையில் ஒரு சொல்கூட இல்லை.