ரங்கண்ணாவைக் கவனிக்காத வயது

'மோகமுள்' நாவலை இருபத்தைந்து வயதுக்குள் படித்துவிட வேண்டும், அதன் பிறகு ஒட்டாது என்று ஒரு பேச்சு நெடுநாளாக உலவுகிறது. இலக்கியக் கூட்டங்களின் தேநீர் இடைவேளையில் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆங்கிலம் படித்தவர்கள் இதையே சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் த ரை' பற்றிச் சொல்வார்கள்: பதினேழில் படித்தால் ஹோல்டன் நம் கூட்டாளி, ஐம்பதில் படித்தால் சிணுங்கும் பையன். வளரும் பருவத்தைச் சொல்லும் நாவல் அம்மை ஊசி மாதிரி, உரிய வயதில் போட்டுக்கொண்டால்தான் பிடிக்கும் என்பது இவர்கள் கட்சி.

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு மொட்டைமாடியில் மாதம் ஒரு ஞாயிறு நாங்கள் எட்டுப் பத்துப் பேர் கூடிப் புத்தகம் பேசுகிறோம். தொழிற்பேட்டையிலும் பாடியிலும் ஆவடியிலும் ஷிப்ட் பார்த்து ஓய்வுபெற்றவர்கள்தான் பெரும்பாலும். சென்ற ஆண்டு முழுக்கப் பிடிவாதமாக, பையன்களும் பெண்களும் வளர்கிற நாவல்களையே திரும்பப் படித்தோம். அந்தப் பிடிவாதத்தில் விளைந்ததுதான் இந்தக் கட்டுரை.

ஆரம்ப காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை (1879) இந்தக் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு, நான் சேர்ப்பதில்லை. பிரதாபன் கதை சொல்கிறானே தவிர வளர்வதில்லை. கல்லூரிப் படிப்பும் கல்யாணமும் ஒருவனை என்ன செய்யும் என்று உண்மையாகக் கேட்டது மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' (1898). நாராயணனைப் படிக்கிற யாருக்கும் தன் வீட்டில் முதன்முதலில் பட்டணம் போய்ப் படித்தவரின் முகம் நினைவுக்கு வரும். பிறகு க.நா.சு.வின் 'பொய்த்தேவு' (1946). ஆனால் சோமுவைச் சாகும்வரை தொடர்ந்து போகிற நாவல் அது. வளர்ச்சி அதில் ஒரு பகுதி மட்டும்.

தி. ஜானகிராமனுக்கு வருவோம். 1950களில் சுதேசமித்திரனில் தொடராக வந்து 1964இல் நூலான 'மோகமுள்' தமிழ் இளைஞர்களைக் கெடுத்த அளவு வேறெந்த நாவலும் கெடுத்ததில்லை. கெடுத்தது என்றால், படிக்கிற விதத்தைக் கெடுத்தது. என் தலைமுறைக்காரர்கள் அதில் யமுனாவை மட்டும் தேடினார்கள். நானும் அப்படித்தான். பத்து வயது மூத்த பெண்ணைக் காதலிக்கும் பாபுவின் வேதனைதான் நாவல், மற்றதெல்லாம் கும்பகோணத்து அலங்காரம் என்றுதான் எண்ணியிருந்தேன். பாட்டு வாத்தியார் ரங்கண்ணா வரும் பக்கங்களை அடுத்த யமுனா எப்போது என்று புரட்டிப்போன குற்றத்தை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அறுபத்துமூன்று வயதில் மறுபடி படித்தபோது நாவல் இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. ரங்கண்ணா என்கிற கிழவர், தன்னிடம் இருப்பதை வாங்கிக்கொள்ளத் தகுந்த ஒரு பாத்திரம் சாவதற்குள் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். கிடைத்த பாத்திரமோ வேறெதையோ நினைத்துத் ததும்பிக்கொண்டிருக்கிறது. பாபநாசத்தில் மகன்மீது முழு நம்பிக்கை வைத்து உட்கார்ந்திருக்கும் தகப்பனார் வைத்தி. கிழவனுக்கு வாழ்க்கைப்பட்டு, பாபுவிடம் ஒருமுறை கை நீட்டி, பிறகு மாண்டுபோகும் தங்கம்மா. இருபதில் எனக்கு அவள் ஓர் இடைஞ்சல்! முதுமையையும் இளமையையும் ஒரே முடிச்சில் போட்ட கொடுமையை அவளிடம் பார்க்க எனக்கு நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது. 1995இல் ஞான ராஜசேகரன் எடுத்த படத்தைப் பார்த்தபோதுகூட யமுனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆக, ஒட்டாமல் போனது நாவல் அல்ல. முதலில் படித்தவன் பாதிதான் படித்திருந்தான்.

இதில் ஒரு எளிய கணக்கை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இந்த நாவல்களை எழுதியவர்கள் அநேகமாக இளைஞர்கள் இல்லை. 1931இல் செகந்திராபாதில் பிறந்த அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' வந்தது 1977இல். பாலு என்ற சிறுவனைச் சுற்றி 1930களின் கோட்டயத்தை எழுப்பிய 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' வந்தபோது (1998) சுந்தர ராமசாமிக்கு அறுபத்தேழு நெருங்கியிருந்தது. நரைத்தவர்கள் எழுதியதை நரைத்தவர்கள் படிக்கக் கூடாது என்பது என்ன நியாயம்?

எல்லாமே தப்பிக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆதவனின் 'என் பெயர் ராமசேஷன்' (1980) எங்கள் மாடியில் தோற்றது. எனக்கு ஆதவன்மேல் பெரிய மரியாதை. நாற்பத்தைந்தே வயதில், 1987இல், சிருங்கேரியில் துங்கை ஆற்றோடு போய்விட்ட மனிதர். ஆனாலும் ராமசேஷனின் கெட்டிக்காரத்தனம் இன்று அயர்ச்சி தருகிறது. அப்பா, அம்மா, அத்தை எல்லோரையும் அவனே அலசி முடித்துவிடுகிறான். நமக்கென்று ஒருவரையும் மிச்சம் வைப்பதில்லை. என் அளவுகோல் இதுதான்: பையனின் கண்ணில் படாத, வாசகனின் கண்ணில் மட்டும் படுகிற ஒரு பெரியவர் உள்ளே இருந்தால் அந்த நாவல் நம்மோடு சேர்ந்து வயதாகும்.

அப்படி வயதானவற்றில் முதலிடம் '18வது அட்சக்கோடு'க்கு. ஹைதராபாத் நிஜாமின் கடைசிக் காலம், ரஜாக்கர்கள், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைந்தது என்று எவ்வளவோ நடக்கிறது. நடுவே சந்திரசேகரன் கிரிக்கெட் ஆடுகிறான், கல்லூரிக்குப் போகிறான், வரலாறு தன்மேல் இடித்துக்கொண்டு போவதை முழங்கையைத் தடவிவிட்டுக்கொள்வதுபோல் பார்க்கிறான். கலவரத்தின்போது அவன் ஒரு வீட்டுக்குள் புகுந்துவிட, தன் வீட்டாரைக் காப்பாற்ற ஒரு சிறுபெண் தன்னையே கொடுக்க முன்வருகிறாள், அவன் ஓடுகிறான். கல்லூரி நாளில் இந்த முடிவு எனக்குச் சந்திரசேகரனின் அதிர்ச்சி. இப்போது படிக்கையில் அந்த அறையில் நின்ற மற்றவர்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. எங்கள் கூட்டத்தில் டர்னராக இருந்தவர், இரண்டு பெண்களுக்குத் தகப்பன், அந்தப் பக்கத்தை எட்டியதும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாடியின் கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

பூமணியின் 'வெக்கை' (1982) இந்த வழக்கில் சாட்சியாகவே வந்து நிற்கிறது. கொலை செய்துவிட்ட பதினைந்து வயதுச் சிதம்பரமும் அவன் அய்யாவும் காடுகரைகளில் ஒளிந்து திரியும் நாள்கள். நாவலின் கண் பையனுடையது. வெற்றிமாறன் 2019இல் இதை 'அசுரன்' படமாக எடுத்தபோது கதையின் பாரம் மொத்தமும் தகப்பன் தோளுக்குப் போய்விட்டது. அவனுக்கென்று தனி இளமைக்காலமே படத்தில் முளைத்தது. நாவலைப் படித்து வயதான வாசகன் மனத்தில் நடப்பதும் இந்த இடமாற்றம்தான். ஆனால் பூமணி அதை ஒரு முன்கதைக் காட்சியும் இல்லாமல், மகனுக்கு அய்யா சோறு தேடுகிற விதத்திலேயே செய்துவிட்டார். படத்தைவிட நாவல் ஒரு படி மேல் என்று நான் சொல்வது அதனால்தான்.

பெண்கள் பக்கம் வந்தால் இந்த விவாதமே கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தெரிகிறது. 'வயசுக்கு வந்தாள்' என்று தமிழில் சொல்கிறோம். 'வயசுக்கு வந்தான்' என்று யாரும் சொல்வதில்லை. பையனுக்கு வளர்வது வாசலைத் தாண்டுவது. பெண்ணுக்கு அதே வாசல் சாத்தப்படுவது. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' இதை 1964இல், மோகமுள் நூலாக வந்த அதே வருஷத்தில், சத்தமில்லாமல் எழுதி வைத்திருக்கிறது. பனைவிளையின் லிஸி பெரியவளானதும் பழம்பெருமை பேசும் இடிந்த வீட்டுக்குள் உட்கார்த்தப்படுகிறாள். பனையேறி வீட்டுப் பிள்ளை தங்கராஜைக் கைப்பிடிக்க அவள் செய்யும் முக்கியமான காரியம் காத்திருப்பது. யமுனாவுக்கு எழுதப்பட்ட பக்கங்களில் பத்தில் ஒரு பங்குகூட லிஸிக்கு எழுதப்படவில்லை என்பது நம் விமர்சகர்களின் ஆண் கண்ணுக்குச் சான்று. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யில் (2004) சிறுமி ராபியா பார்க்கிற கதவுகளும் லிஸியின் கதவுகளுக்கு உறவுக்காரக் கதவுகள்தான். எங்கள் கூட்டத்துக்கு வரும் அறுபத்தெட்டு வயது அக்கா ஒருவர் புத்தம் வீட்டை முதன்முறையாக அப்போதுதான் படித்தார். இளமையில் படித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டேன். "அப்ப யாரு படிக்க விட்டா?" என்றார். உரிய வயதுக் கட்சிக்காரர்கள் இந்தப் பதிலை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

எனக்குள்ள குறை வேறு. நம் வளர்பருவ நாவல்களில் பையன்கள் காதலிக்கிறார்கள், பாடுகிறார்கள், படிக்கிறார்கள். வேலை செய்து வளர்கிறவர்கள் குறைவு. அந்த வழியைத் திறந்தவர் பெருமாள்முருகன். சினிமாக் கொட்டகையில் சோடா விற்கும் பையன்களின் 'நிழல் முற்றம்' (1993), ஆடு மேய்க்கும் பண்ணையத்துப் பிள்ளைகளின் 'கூளமாதாரி' (2000). இவற்றுக்கு முன்னால் 1991இல் வந்த 'ஏறுவெயில்'. அதை எழுதியபோது அவருக்கு இருபத்தைந்துதான்; மேலே போட்ட வயதுக் கணக்குக்கு அது விலக்கு, இருந்துவிட்டுப் போகட்டும். வீட்டுவசதிக் குடியிருப்புக்காகக் காட்டை இழந்த குடும்பம் சிதறுவதை ஒரு பையன் பார்க்கிற நாவல். தமிழ் நாவல் இந்தத் திசையில் இன்னும் நெடுந்தூரம் போக வேண்டும் என்பது என் கட்சி. பதினெட்டு வயதில் ஐ.டி.ஐ. சான்றிதழோடு திருநெல்வேலிப் பக்கமிருந்தோ வடாற்காட்டிலிருந்தோ வந்து, அப்ரண்டிஸாகச் சேர்ந்து, நாலு பேர் ஓர் அறையில் ஷிப்ட் முறையில் படுத்து, லேத்தில் முதல் விரல் நகத்தைப் பறிகொடுத்து ஆளானவர்களால் நிறைந்தது இந்த அம்பத்தூர். அவர்களுடைய மோகமுள்ளை நான் இன்னும் படிக்கவில்லை.

ஏறுவெயில் பேசிய ஞாயிறன்று இதைத்தான் ஆவேசமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். டர்னர் குறுக்கிட்டார். 1970களில் அவர் முதலில் வந்து இறங்கியபோது இந்தத் தெரு இருந்த இடம் ஏரித் தண்ணீர் பாய்ந்த நெல்வயலாம். மனைக்கல் நட்ட பிறகும் ஒரு பையன் பழக்கதோஷத்தில் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து நிற்பானாம்.

"நம்மைப் பத்தி எழுதலேன்னு சொல்றீங்க சார். அவன் இங்க வந்து உக்காந்தா, ஏறுவெயில்ல நாம யாருன்னு சொல்லுவான்?"

அவர் கேட்டது பையனின் கண்ணில் படாத அந்தப் பெரியவர்களைப் பற்றித்தான். குடியிருப்பில் வீடு வாங்கி வந்தவர்களை நான் அந்த நாவலில் ரங்கண்ணாவைப் போலவே புரட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அடுத்த மாதமும் ஏறுவெயிலையே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.