கந்தையாவும் கந்தசாமியும்

சென்னையில் ஒரு திருமண வரவேற்பு. மணமகனின் தகப்பனார் பெயர் கந்தையா என்று அழைப்பிதழில் கண்ட உள்ளூர்ப் பெரியவர் ஒருவர், “தெலுங்குப் பெயராச்சே, பூர்வீகம் ஆந்திராவா?” என்று கேட்டுவிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து போயிருந்த உறவினர்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. தமிழ்க் கடவுளின் பெயரை வைத்துக்கொண்டு தமிழர்தான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

‘ஐயா’ என்று முடிந்தாலே தெலுங்கு ஆகிவிடாது. மதுரைப் பக்கம் சுப்பையா, கருப்பையா எத்தனை பேர்! நெல்லைச் சீமையில் கந்தையாவே உண்டு. ஆனாலும் அந்தப் பெயர் பெருகி விளைந்த மண் யாழ்ப்பாணம்தான். பழைய ஊர்ப் பள்ளிக்கூட இடாப்பு ஒன்றை விரித்தால் செல்லையா, பொன்னையா, தம்பையா என்று வரிசை போகும். அதில் கந்தையா இல்லாத வகுப்பைக் காண்பது அரிது. இடாப்பு என்றால் தமிழ்நாட்டார் விழிக்கலாம். அவர்கள் அதை வருகைப் பதிவேடு என்பார்கள்.

ஸ்கந்த என்ற வடசொல் தமிழில் கந்தன் ஆனது. அதோடு சாமி சேர்ந்தால் கந்தசாமி, ஐயா சேர்ந்தால் கந்தையா. கந்தசாமி இரு கரையிலும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் முருகனுக்குத் தலங்கள் அதிகம். பிள்ளைகளின் பெயரும் தலத்தோடு போய்விடுகிறது. பழனிக்கு வேண்டிக்கொண்டால் பழனிச்சாமி, திருச்செந்தூருக்கு நேர்ந்தால் செந்தில், சுவாமிமலை என்றால் சாமிநாதன். அதுவும் அழகுதான். யாழ்ப்பாணத்திலோ எந்த முருகன் கோயிலுக்குப் போனாலும் பெரும்பாலும் கந்தன்தான். மாவிட்டபுரத்தில் அபிஷேகக் கந்தன், நல்லூரில் அலங்காரக் கந்தன், செல்வச்சந்நிதியில் அன்னதானக் கந்தன்.

இதற்குக் காரணம் ஒரு புத்தகம். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தைக் காஞ்சிபுரத்தில் பாடினார். அந்தப் பெருமை தமிழ்நாட்டுக்கே உரியது. அதை வாழ்க்கையாக்கிக்கொண்டது யாழ்ப்பாணம். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்தின் வாழ்வையே ‘கந்தபுராண கலாசாரம்’ என்றார். கோயில் மண்டபத்தில் ஒருவர் இராகத்தோடு செய்யுளை வாசிப்பார். பக்கத்தில் இருப்பவர் பயன் சொல்லுவார். வாசிப்பவர் சீர் பிரிப்பதில் சற்றுத் தடுக்கினால் தூணோரம் சாய்ந்திருக்கும் கிழவர் கண்ணைத் திறக்காமலே திருத்துவார். அவர் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பைத் தாண்டாதவராக இருக்கலாம். அப்படிக் கேட்டு வளர்ந்த ஊரில் பிள்ளைக்குப் பெயர் தேட வேண்டியதில்லை.

அந்தப் பெயரைக் காத்துக்கொள்ளவும் வேண்டியிருந்தது. 1621இல் போர்த்துக்கேயர் நல்லூர்க் கோயிலை இடித்தார்கள். ஒல்லாந்தர் காலத்தில் உத்தியோகம் வேண்டுமென்றால் ஞானஸ்நானமும் கிறிஸ்தவப் பெயரும் வேண்டும். வெளியே ஒரு பெயர், வீட்டுக்குள் ஒரு பெயர் என்று வாழ்ந்த காலம் அது. அதைக் கடந்து, 1822இல் நல்லூரில் கந்தப்பிள்ளையின் மகனாகப் பிறந்தவர்தான் ஆறுமுக நாவலர். தகப்பன் கந்தன், மகன் ஆறுமுகம்: முருகன் பெயர் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து பார்ப்பவருக்குத் தமிழ்நாட்டுக் கந்தசாமி அறிமுகமாவது பெரும்பாலும் கதையிலும் திரையிலும்தான். புதுமைப்பித்தனின் கந்தசாமிப் பிள்ளை கடவுளோடு சென்னையில் சுற்றியவர். அவரை யாரால் மறக்க முடியும்? யாழ்ப்பாணத்துக் கந்தையாக்களும் சளைத்தவர்களல்லர். 1956இல் பருத்தித்துறைத் தொகுதியில் வென்ற கம்யூனிஸ்ட் பொன்னம்பலம் கந்தையா தமிழறிஞரும்கூட. நவாலி தந்த ந. சி. கந்தையாபிள்ளை தமிழர் வரலாறு பற்றி எழுதிய நூல்கள் சென்னையிலேயே அச்சாகி விற்றன. கந்தையா என்ற பெயரைத் தெலுங்கு என்று நினைப்பவர் அந்த நூல்களில் ஒன்றையாவது புரட்டிப் பார்க்கலாம்.

கூப்பிடும் முறையிலும் வேறுபாடு உண்டு. கொங்கு நாட்டில் ‘கந்தசாமிங்ணா’ என்று மரியாதை இழையும். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் வயதில் மூத்தவர் ‘கந்தையா அண்ணை’; ஊரில் கொஞ்சம் மதிப்பு வந்துவிட்டால் ‘கந்தையர்’. ஓர் ‘அர்’ விகுதியில் ஊர் தன் மரியாதையைக் காட்டிவிடும்.

பெயர்கள் ஒரே திசையில் போனதாக எண்ண வேண்டாம். செட்டிநாட்டில் பரவலான கதிரேசன் என்ற பெயர் இலங்கையின் கதிர்காமத்து ஈசனுடையது. வணிகத்துக்கு வந்த நகரத்தார் கொழும்புச் செட்டியார் தெருவில் கதிரேசன் கோயில் எழுப்பினார்கள். அந்தப் பெயரைத் தம் பிள்ளைகளுக்கும் இட்டார்கள். மகிபாலன்பட்டி மு. கதிரேசச் செட்டியாரையும் தமிழகம் பண்டிதமணி என்றே கொண்டாடியது. இலங்கைக் கந்தன் தமிழ்நாட்டுக்குத் தந்த பெயர் அது என்பதை அங்கே எத்தனை பேர் நினைக்கிறார்கள்?

இன்று இரு நாட்டிலும் பலர் எண் சோதிடம் பார்த்துத்தான் பெயர் வைக்கிறார்கள். கந்தையா என்று தொட்டில் பிள்ளைக்குப் பெயரிடுவோர் யாழ்ப்பாணத்திலும் அருகிவிட்டனர். ஆனால் தமிழ்நாட்டில் தகப்பன் பெயர் பெரும்பாலும் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிடுகிறது. இலங்கையில் பதிவேட்டிலும் அடையாள அட்டையிலும் அது முழுதாக முன்னே நிற்கும். அந்த வழக்கத்தால் கந்தையா கடல் தாண்டியும் பிழைத்திருக்கிறார். ரயில்வே உத்தியோகத்துக்கு மலாயா போனவர்களின் சந்ததியிலும், லண்டனிலும் டொரொண்டோவிலும் பிறந்தவர்களிடத்தும் அது குடும்பப் பெயராகிவிட்டது. தமிழ் எழுதத் தெரியாத பேத்தியும் தன் பெயருக்குப் பின்னால் கந்தையா என்று கையொப்பமிடுகிறாள்.