ஆறு அடாஜியோக்கள்

வயலினில் ஒரு தந்தியைச் சுத்தமாகப் பிடித்து வாசித்தால், அந்த ஸ்வரத்துக்கு இணங்கும் பக்கத்து வெறுந்தந்தி, அதாவது விரல் வைக்காத தந்தி, தொடாமலே முனகும். கருவியின் செழிப்பில் அந்த முனகலுக்கும் பங்குண்டு. 1974இல், உடல் தளர்ந்து மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்த காலத்தில், சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் தன் பதினைந்தாவது தந்தி குவார்டெட்டுக்கு இ-ஃப்ளாட் மைனரை எடுத்துக்கொண்டார். அந்த ஸ்கேலின் ஏழு ஸ்வரங்களில் ஒன்றுகூட வயலின், வியோலா, செல்லோவின் வெறுந்தந்திகளில் கிடையாது. நால்வர் வாசித்தும் ஒலி மங்கி, ஈரம் வற்றித்தான் வருகிறது. இந்தக் குவார்டெட்டைச் சாகப்போகிறவரின் புலம்பல் என்பவர்கள் இந்த வறட்சியைக் கேட்டார்களா என்று எனக்குச் சந்தேகம்.

ஆறு பகுதிகள், இடைவெளி இல்லை, ஆறும் அடாஜியோ, அதாவது மெதுவான நடை. மாறுதலுக்கு ஒரு வேகப் பகுதியாவது வைப்பதுதான் வழக்கம். இங்கே அந்தச் சலுகை கிடையாது. முதலில் வரும் ‘எலிஜி’யில் மெட்டு என்று சொல்லும்படி அதிகமில்லை, ஒரே ஸ்வரத்தைச் சுற்றி நகர்ந்து, திரும்ப அங்கேயே வந்து உட்கார்கிறது. பன்னிரண்டு நிமிடம் போல இப்படி. பொறுமை இல்லாதவர்கள் இங்கேயே எழுந்து போய்விடுவார்கள்.

இரண்டாவதின் பெயர் ‘செரனேட்’. காதலியின் ஜன்னலடியில் பாடுகிற பாட்டுக்குரிய பெயர். வருவதோ, காதில் விழாத மெல்லொலியில் தொடங்கி அலறலாக வீங்கும் ஒற்றை ஸ்வரம். அது அறுந்ததும் இன்னொரு கருவியில் இன்னொரு அலறல், இப்படிப் பன்னிரண்டு. குரூரமான நகைச்சுவை இது. சில குழுக்கள் இந்த இடத்தை அழகாக இழைத்து வாசிக்கின்றன. வில் தந்தியைக் கீறுகிற வாசிப்புதான் எனக்குப் பிடிக்கும். ‘சவ ஊர்வலம்’ என்ற ஐந்தாம் பகுதி இதற்குப் பக்கத்தில் சற்றுச் சம்பிரதாயமாகவே படுகிறது.

இரண்டு முதல் பதினான்கு வரை ஷோஸ்டகோவிச்சின் குவார்டெட்டுகளை முதலில் அரங்கேற்றியது பீத்தோவன் குவார்டெட் குழு. பதினான்காவதை அதன் செல்லோக் கலைஞர் செர்கேய் ஷிரின்ஸ்கிக்கே அர்ப்பணித்திருந்தார். பதினைந்தாவதை யாருக்கும் அர்ப்பணிக்கவில்லை. அதற்கும் அந்தக் குழுவின் ஒத்திகைகள் நடந்துகொண்டிருந்தபோது, அக்டோபரில், ஷிரின்ஸ்கி இறந்துபோனார். தேதியைத் தள்ளிப்போட ஷோஸ்டகோவிச்சுக்கு மனமில்லை. நவம்பர் 15 அன்று லெனின்கிராடில் தனேயெவ் குவார்டெட் வாசித்தது. பீத்தோவன் குழு அதை மாஸ்கோவில் வாசித்தபோது 1975 ஜனவரி ஆகியிருந்தது, செல்லோவில் புதியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.