இராக்மனினோவின் முதற் சிம்பொனியும் இறுதி நடனங்களும்

வாழ்க்கை வரலாற்றைக் கொண்டு படைப்பை அளப்பதும், படைப்பைக் கொண்டு வாழ்க்கையைப் புனைவதும் திறனாய்வுலகில் நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் பிழைகளாம். உருசிய இசையறிஞர் செர்கேய் இராக்மனினோவ் (1873–1943) இவ்விரண்டிற்கும் ஒருங்கே ஆளானவர். பியானோ வாசிப்பதில் ஒப்பற்றவர். பல்லியக் குழுவை நடத்துவதில் வல்லவர். ஆயினும் இசை படைப்போருள் முன்வரிசையில் வைக்கத் தகாதவர் என்பதே அவரைப் பற்றி நெடுநாள் வழங்கிய மதிப்பீடு. 1954இல் வெளிவந்த குரோவ் இசை அகராதியின் ஐந்தாம் பதிப்பு, அவர் இசை ஒரே தன்மையதாய்ச் சலிப்பூட்டுவது எனவும், மக்களிடையே அது பெற்ற செல்வாக்கு நிலைபெறாது எனவும் தீர்ப்புரைத்தது. அத்தீர்ப்புப் பொய்த்தமை வெளிப்படை. கேட்போரின் விருப்பம் ஒன்றே அதற்குக் காரணமா, அன்றிப் படைப்பினுள்ளேயே அதனை மறுக்கும் சான்று உண்டா என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

அவர்தம் முதற் சிம்பொனி 1897ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பீட்டர்ஸ்பர்க்கு நகரில் அரங்கேறியது. நடத்தியவர் கிளசுனோவ். பயிற்சி போதவில்லை, அதே நிகழ்ச்சியில் வேறு புதுப்படைப்புகளும் அரங்கேறின. நடத்துநர் அன்று மது மயக்கத்தில் இருந்தார் என்பாரும் உளர். அதனை விடுத்தாலும் தோல்விக்குக் காரணங்கள் போதியன. சீசர் கூயி என்னும் திறனாய்வாளர் எகிப்து நாட்டைப் பீடித்த கொடுந்துன்பங்களோடு இதனை ஒப்பிட்டு, நரகத்தில் வாழ்வோரே இதனைச் சுவைப்பர் என்று எள்ளினார். அதன்பின் ஏறத்தாழ மூன்றாண்டுகள் இளைஞர் பெரும்படைப்பு எதனையும் இயற்றவில்லை. 1900இல் நிக்கோலாய் தால் என்னும் மருத்துவர் உளவழிச் சிகிச்சையால் ஊக்கமளித்தார். 1901இல் முற்றுப்பெற்ற இரண்டாம் பியானோ கான்சர்ட்டோ அவருக்கே உரிமையாக்கப்பட்டது.

மருத்துவர் நோயைத் தீர்த்தார், இசை பிறந்தது என்று கூறுதல் எளிது. பலர் அதனோடு அமைந்தனர். ஆனால் அவ்விடைக்காலத்தில் அவர் வாளாவிருந்தாரல்லர். 1897இலேயே மாஸ்கோவில் மாமந்தோவின் தனியார் இசைநாடக அரங்கில் நடத்துநராகப் பணியேற்றார். அப்பயிற்சியின் விளைவு கான்சர்ட்டோவின் தொடக்கத்திலேயே தெரிகின்றது. பியானோ தனித்து நின்று மணியோசை போன்ற சுரக்கூட்டுகளை எழுப்புகின்றது. எனினும் தலைமைப் பண் அதற்கு உரியதாகவில்லை. வில்யாழ்க் கருவிகள் அதனைப் பாட, பியானோ பக்கவாத்தியமாய் ஓடுகின்றது. தம் விரல்களின் திறத்தைக் காட்ட விழையும் வாசிப்பாளன் செய்யும் செயலன்று இது.

1904 முதல் 1906 வரை போல்சோய் அரங்கில் நடத்துநராக இருந்தபோது, பல்லியத்திற்கு முன்னே பாடகரை ஒட்டி நிற்கும் பழைய வழக்கத்தை மாற்றி, வாசிப்போர் அனைவரும் தம்மைக் காணுமாறு பின்னே நின்று நடத்தினார். ஒவ்வொரு படைப்புக்கும் ஓர் உச்சப்புள்ளி உண்டு என்பதும், அதனைத் தவறவிட்டால் முழுவதும் சிதையும் என்பதும் அவர் கொள்கை. மூன்று தொழிலுக்கும் அக்கொள்கையே அடிப்படையாக இருந்தது.

1917இன் இறுதியில் அவர் நாடு நீங்கினார். மறு ஆண்டு நியூயார்க்கு நகரை அடைந்தார். குடும்பத்தைக் காக்க மேடையே வழியாயிற்று. அதன்பின் வாழ்ந்த இருபத்தைந்து ஆண்டுகளில் எண்ணிட்டு வெளியிட்டவை ஆறே படைப்புகள் (40 முதல் 45 வரை). வாசிப்பு படைப்பை விழுங்கிற்று என்பர். எண்ணிக்கையளவில் இஃது உண்மை, தன்மையளவில் அன்று. பிற்காலப் படைப்புகளில் முன்னைய விரிவு சுருங்கிச் செறிவு மிகுந்துள்ளது. (கொரெல்லி வேறுபாடுகளை வாசிக்கும்போது அவையோரின் இருமல் மிகுந்தால் அடுத்த பகுதியை விட்டுவிடுவதாக 1931இல் அவரே நண்பர் மெட்னருக்கு எழுதினார். திறனாய்வாளரினும் இருமலை அவர் மதித்தார் போலும்!)

இனி இறுதிப் படைப்பு. 1940இல் இயற்றிய 'சிம்பொனி நடனங்கள்' மூன்றனுள் முதலாவதன் முடிவில், அதுவரை வந்திராத பண் ஒன்று வில்யாழ்களில் அமைதியாக எழுகின்றது. பியானோவும் யாழும் சிறுமணிகளும் அதனைச் சூழ்கின்றன. அது முதற் சிம்பொனியின் தலைமைப் பண்ணே. அங்குக் கடுமையும் சினமும் கொண்டு மோதிய அது, இங்குக் கனிந்து ஒலிக்கின்றது. 1941 சனவரியில் பிலடெல்பியாக் குழுவினர் இதனை அரங்கேற்றியபோது அவையோர் இதனை உணர்ந்திருக்க வழியில்லை. முதற் சிம்பொனி 1897க்குப் பின் எங்கும் ஒலிக்கவில்லை, அச்சேறவுமில்லை, மூலச்சுவடி உருசியாவில் விடப்பட்டு மறைந்தது. ஆகவே பிறர் அறியும் பொருட்டன்றித் தம் பொருட்டே அவர் அதனை எழுதினார் எனல் தகும்.

ஆசிரியர் மறைந்த பின்னர் லெனின்கிராடு நகரில் அன்றைய வாசிப்போர் பயன்படுத்திய தனித்தனிக் கருவியேடுகள் கிடைத்தன. அவற்றை ஒன்றோடொன்று ஒப்புநோக்கி முழு மூலம் மீட்டெழுதப்பட்டது. ஏடுகளைக் கொண்டு பாடம் காணும் நம்மனோர்க்கு இம்முயற்சியின் அருமை எளிதில் விளங்கும். 1945 அக்டோபரில் காவுக் அதனை மாஸ்கோவில் நடத்தினார். 1948இல் பிலடெல்பியாவிலும் அது ஒலித்தது. அன்றுதொட்டே இவ்விரு படைப்புகளையும் அருகருகே வைத்துக் கேட்டல் இயல்வதாயிற்று. 1954இல் தீர்ப்பெழுதிய அகராதியார்க்கும் இச்சான்று எட்டாததன்று.